புரூவரி, பரிசல், நடுவில் என் மாமியாரும் மூன்று பிள்ளைகளும்

மே மாதக் கடைசியில் எங்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. பெங்களூரில் இருக்கும் என் தம்பி ஒரு மாதமாகவே போன் போட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, ஸ்கூல் திறக்கப் போகுது, மாமாவையும் கூட்டிட்டு ஒரு நாள் இங்க வா, அப்புறம் நாங்க உங்க கூடவே கிருஷ்ணகிரிக்கு வந்துடுறோம்" என்றான். அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் மியூசியம், கப்பன் பார்க், லால்பாக் எல்லாம் இருந்தன. மூன்றாவது வரியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மைக்ரோபுரூவரியும் இருந்தது. அதாவது அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற இடம்.

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் எப்போதாவது பீர் குடிப்பார். மாமியாருக்கு 68 வயது, அவரையும் வீட்டில் தனியாக விட்டுப் போக முடியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள், தம்பிக்கு ஒரு பெண். சரி, வருகிறோம் என்று சொல்லிவிட்டு மூன்று நிபந்தனை போட்டேன். குடிக்கிறவருக்கு மூன்று நாளில் மொத்தம் ஒரு மணி நேரம். குடித்தவர் அன்று முழுக்க வண்டி சாவியைத் தொடக்கூடாது. பிள்ளைகளைக் காரில் உட்கார வைத்துவிட்டு, "இதோ வர்றேன்" என்று யாரும் எங்கேயும் இறங்கிப் போகக்கூடாது.

இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு லீவு நாளில் தண்ணீர் ஓடும் ஓர் இடத்துக்குப் போயிருந்தோம். என் பையனுக்கு அப்போது 5 வயது. முழங்கால் தண்ணீரில் இறங்கியவன் நாலாவது அடியில் வீல் என்று கத்தினான், தூக்கிப் பார்த்தால் குதிகாலில் பாட்டில் சில்லு. யாரோ குடித்துவிட்டுப் பாறையில் அடித்து உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறு தையல். அவன் அழுததை விட, வீடு வந்து சேரும் வரை "யாருப்பா உடைச்சாங்க, ஏன் உடைச்சாங்க" என்று கேட்டுக்கொண்டே வந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் சுற்றுலா என்றால் இப்படித்தான். ஆண்கள் பாறை மறைவில் ஒரு பக்கம், பெண்கள் அடுப்பு மூட்டிக்கொண்டு ஒரு பக்கம், பிள்ளைகள் எந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில். என் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு லீவு நாள் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தப் புரூவரியைப் பார்க்க எனக்கே ஒரு ஆசை இருந்தது. நான் எட்டு வருடமாக வீட்டிலேயே முளைகட்டின ராகி மாவு செய்து விற்கிறேன். முளைகட்டுவதுதான் என் தொழிலே. பீருக்கும் முதல் வேலை தானியத்தை முளைகட்டுவதுதான் என்று தம்பி ஒருமுறை சொல்லியிருந்தான். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று அப்போதிலிருந்தே மனசில் இருந்தது.

காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரியில் கிளம்பினோம். பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், ஓசூர் தாண்டும் வரை சிக்கலே இல்லை. சூளகிரி மலை வெயிலில் சிவப்பாகத் தெரிந்தது. எதிரே கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய லாரிகள், கூழ் ஆலைகளுக்குப் போகிற சரக்கு. ஓசூரில் டிபன். அதற்கு மேல் பெங்களூர் டிராபிக்கைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஏழு மணிக்கு முன்னால் ஓசூரைத் தாண்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

முதலில் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப மியூசியம். கஸ்தூரிபா சாலையில், கப்பன் பார்க்கை ஒட்டி இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் இதற்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள், நாங்கள் இரண்டு மணி நேரம் என்று நினைத்துப் போய் ஏமாந்தோம். "தொடாதே" என்று பலகை மாட்டாமல், தொட்டுப் பார், சுற்றிப் பார், இழுத்துப் பார் என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ரைட் சகோதரர்கள் 1903ல் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி ஒன்று இருக்கிறது. என் மகள் அதன் கீழேயே நின்று, இந்தத் துணியும் கட்டையும் எப்படி ஆளைத் தூக்கியது என்று தம்பியைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பையனுக்கு டைனோசர் போதும். மாமியாருக்குப் பழைய எஞ்சின்கள் பிடித்திருந்தன. அவர் அப்பா ரயில்வேயில் இருந்தவர்.

அங்கிருந்து வெளியே வந்தால் கப்பன் பார்க் நிழல். நடந்து முடிக்க ஆசைப்பட வேண்டாம், ஒரு மூங்கில் புதர் பக்கம் துண்டை விரித்து உட்கார்ந்துவிட வேண்டும்.

இனி புரூவரிக்கு வருகிறேன். பெங்களூருக்கு பீர் ஒன்றும் புதுசில்லை. தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915ல் தென்னிந்தியாவின் ஐந்து காய்ச்சும் ஆலைகளை ஒன்றாக்கித்தான் யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை உருவாக்கினார். கிங்ஃபிஷர் அந்தக் கம்பெனியுடையது. ஆனால் கடைக்குள்ளேயே காய்ச்சுகிற மைக்ரோபுரூவரி என்பது இந்தப் பதினைந்து வருடத்துச் சங்கதி. விட்டல் மல்லையா சாலையில் 2011ல் வந்த பியர் கிளப்பைத்தான் நகரத்தின் முதலாவது என்பார்கள். இந்திராநகர் 100 அடி சாலையில் டாய்ட், 2012ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் ஊர்க்காரர்களின் பெயரோடு வந்த ஆர்பர், வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்று வரிசையாக வந்துவிட்டன. நம் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ அப்படி ஓர் இடம் கிடையாது. தமிழ்நாட்டில் 2003லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில்.

நாங்கள் போனது தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன இடம். முதல் நாளே போன் போட்டு, பிள்ளைகளை உள்ளே விடுவீர்களா என்று கேட்டு வைத்திருந்தோம். மதியம் என்றால் குடும்பத்தோடு வரலாம், ராத்திரி வேண்டாம் என்றார்கள். இதை நீங்களும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இடத்துக்கு இடம் விதி மாறும். உள்ளே நுழைந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பேரப்பிள்ளைக்கு உருளைக்கிழங்கு வறுவல் ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டார். எங்களுக்கு எலுமிச்சைச் சாறும் சாப்பாடும் வந்தது. என் வீட்டுக்காரரும் தம்பியும் ருசி பார்க்கிற சின்னக் கிளாஸ்கள் நான்கு வைத்த பலகை ஒன்றை வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். தம்பி மனைவிதான் வண்டி ஓட்டினாள்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் பளபளவென்று பாத்திரங்கள். அங்கே காய்ச்சுகிற பையன் சேலத்துக்காரன், தமிழில் பேசியதும் எங்கள் மேசைக்கே வந்துவிட்டான். நான் ராகி முளைகட்டுகிறேன் என்று சொன்னதும் உள்ளே போய் ஒரு கைப்பிடி பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினான்.

இரண்டு தானிய மணியை எடுத்து வாயில் போட்டேன். மொறு மொறு என்று உடைந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, நாலு கடி கடித்ததும் மெதுவாக ஒரு இனிப்பு. எனக்குச் சட்டென்று வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வந்துவிட்டது. முளைகட்டின ராகியை நிழலில் காயப் போட்டு, பதம் பார்க்க நான் தினமும் வாயில் போடுவேனே, அதே இனிப்பு. தானியம் வேறு, உமி தடிமன் வேறு, ஆனால் அந்தக் கடைசி ருசி ஒன்றுதான்.

அவன் சொன்னது இது. பார்லியை ஊறவைத்து, முளைவிட வைத்து, சரியான நேரத்தில் சூடான காற்றில் காயவைத்து முளையை நிறுத்துவார்கள். அதுதான் மால்ட். முளைக்கும்போது விதை தனக்குள் இருக்கிற மாவைக் கரைத்துச் சாப்பிடத் தயாராகும், அதற்கு அமைலேஸ் என்ற நொதி ஊறும். அந்த மால்ட்டை உடைத்து, சுமார் 65 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்தால் நொதி மாவைச் சர்க்கரையாக மாற்றிவிடும். "சூடு ஏறிட்டா நொதி செத்துடும் அக்கா, அப்புறம் இனிப்பு வராது" என்றான். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விட்டால் பீர். எந்த பீர் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கோதுமை பீர் ஒன்றில் வாழைப்பழ வாசனை வருகிறதே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பழமே போடவில்லையாம், அந்த ஈஸ்ட் உண்டாக்குகிற வாசனையாம்.

எனக்கு அந்த 65 டிகிரி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. முளைகட்டின ராகிக் கஞ்சி நீர்க்க இருக்கும், சாதா ராகி மாவு அதே அளவு போட்டால் கெட்டியாகிவிடும். என் பாட்டி இதைச் சொல்லித்தான் குழந்தைகளுக்கு முளைகட்டின மாவைக் கொடுப்பார், "நாலு ஸ்பூன் கூடப் போடலாம், தொண்டையில நிக்காது" என்பார். மாவை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டாதே, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மெல்லச் சூடேற்று என்பதும் பாட்டி சொன்னதுதான். எட்டு வருடமாக வாங்க வருகிறவர்களுக்கு நானும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன். ஏன் என்று கேட்டால் கட்டி தட்டாது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். நொதிக்கு வேலை செய்ய நேரம் கொடுக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இமயமலைப் பக்கம் நேபாளத்திலும் சிக்கிமிலும் நம் கேழ்வரகையே புளிக்கவைத்து, மூங்கில் குவளையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சிக் குடிக்கிற தோங்பா என்ற பானம் இருப்பதையும் அவன்தான் சொன்னான். நம் களியும் அவர்கள் தோங்பாவும் ஒரே தானியம்!

இதற்கு நடுவில் மாமியார் ஒரு கேள்வி கேட்டார், இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. "வடிச்சிட்டீங்க, சரி. அந்தச் சக்கையை என்ன தம்பி பண்ணுவீங்க?" என்றார். மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது என்றான். "அதானே, புரதமெல்லாம் அதுலதான இருக்கும்" என்று தலையாட்டினார். வீட்டில் இரண்டு பசு வைத்திருக்கிறவர். நாங்கள் யாரும் கேட்காத கேள்வி.

இன்னொன்றும் அவன் சொன்னான், பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் என்று. பெங்களூரின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தொரெகாடனஹள்ளியிலிருந்து மேட்டுக்குப் பம்ப் பண்ணிக் கொண்டுவரும் காவிரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் இந்த ஆறு திரும்ப வரும்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்துவிட்டோம். யாரும் முனகவில்லை. போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது. 2019 திருத்தச் சட்டப்படி முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டுமே. அபராதத்தை விடுங்கள், பின் சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள், அதை நினைத்தால் போதும். அப்புறம், நல்லா இருக்கிறதே என்று பாட்டிலில் வாங்கிக்கொண்டு மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டலாம் என்ற யோசனையே வேண்டாம். வெளிமாநில மதுவோடு பிடிபட்டால் வழக்கு.

சாயங்காலம் லால்பாக். ஹைதர் அலி 1760ல் போட்ட தோட்டம், இன்று 240 ஏக்கர். கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் அந்தப் பாறைக்கு ஏறுங்கள். 300 கோடி வருடப் பழமையான பாறை, மேலே கெம்பே கவுடா கோபுரம். தம்பி மகள் பாறையில் காதை வைத்து, "தூங்குது" என்றாள். நாங்களும் அங்கேயே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் இரண்டு வண்டியாக ஊருக்குத் திரும்பினோம். ஓசூர் பக்கம் தொரப்பள்ளிக்குத் திருப்பச் சொன்னேன். ராஜாஜி 1878ல் பிறந்த வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. சின்ன ஓட்டு வீடுதான், பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகாது. ஆனால் மாமியார் அங்கே நின்ற நேரம் அதிகம். ராஜாஜி 1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (இன்றைக்கு முதலமைச்சர் என்கிறோமே, அந்தப் பதவி) மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அப்போது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தன. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி போட்டார். 1971ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தியபோது, தள்ளாத வயதில் அதை எதிர்த்தவரும் அவர்தான்.

மாமியாரின் அம்மா அந்த 1937ஐ நேரில் பார்த்தவர். கள்ளுக்கடை மூடின பிறகு வந்த முதல் தீபாவளிக்குத்தான் அவர் வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி எடுத்தார்களாம். "எங்கம்மா அந்தப் புடவையைக் கிழியுற வரைக்கும் தூக்கிப் போடல" என்றார் மாமியார். நேற்று மதியம் புரூவரியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மாதத்தில் ஒரு நாள் குடிக்கிறவர், வீட்டுக் காசில் கை வைக்காதவர். ஆனால் எல்லா வீடும் எங்கள் வீடு மாதிரி இல்லை. கூலி வாங்கிய அன்றே பாதியைத் தொலைக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. புரூவரி நல்ல இடம் என்று நான் எழுதுவதும், அந்தப் புடவைக் கதையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியதும், இரண்டுமே உண்மை.

மதியம் வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். தம்பி மனைவி இரண்டாவது உருண்டை கேட்டாள்.

நாலு மணிக்குக் கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1957ல் காமராஜர் திறந்துவைத்தது, ஊரிலிருந்து 7 கிலோமீட்டர்தான். பூங்கா இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, ஆனால் வெளியூர்க்காரர்கள் இறங்குவதே மீனுக்குத்தான். மசாலா தடவிச் சிவப்பாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் கை காட்டுகிற துண்டை எண்ணெயில் போட்டு எடுத்து, வெங்காயத்தோடு வாழை இலைத் துண்டில் தருவார்கள். பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுத்து மாளவில்லை. படகு வேண்டும் என்று அடம்பிடித்தால் பக்கத்திலேயே அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது. திரும்பும் வழியில் மாம்பழம். மே, ஜூனில் நம் ஊருக்கு வருகிறவர்கள் பழம் வாங்காமல் போனால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். சாப்பிட என்றால் மல்கோவாவோ பங்கனப்பள்ளியோ செந்தூராவோ கேளுங்கள், கிளிமூக்கு பெரும்பாலும் கூழுக்குத்தான் போகும். காம்புப் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்து வாங்குங்கள், நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

மூன்றாம் நாள் ஒகேனக்கல். அதிகாலை ஐந்தரைக்கே கிளம்பி, தருமபுரி, பென்னாகரம் வழியாக. மலை இறக்கத்தில் குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், கண்ணாடியை ஏற்றி வையுங்கள். நாங்கள் எட்டு மணிக்குள் போய்விட்டோம், கூட்டம் பத்து மணிக்கு மேல்தான் வந்தது.

ஹொகே என்றால் கன்னடத்தில் புகை, கல் என்றால் பாறை. பரிசலில் ஏறினபிறகுதான் அந்தப் பேர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகுதான் ஏற்றுகிறார்கள், நாங்கள் இரண்டு பரிசலாகப் பிரிந்தோம். வட்டமான மூங்கில் கூடைதான் பரிசல், அடியில் தண்ணீர் புகாத விரிப்பு. ஏறும்போது ஓரத்தில் கால் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும், என் வீட்டுக்காரர் ஓரத்தில் வைத்துப் பரிசல்காரரிடம் திட்டு வாங்கினார். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர், துடுப்புச் சத்தம் மட்டும். ஒரு வளைவு திரும்பியதும் இரைச்சல் வந்தது, அப்புறம் முகத்தில் சாரல், அப்புறம்தான் அருவி கண்ணில் பட்டது. அருவி பக்கத்தில் பரிசல்காரர் துடுப்பை ஒரு திருகு திருகினார், பரிசல் பம்பரமாகச் சுற்றியது. பையன் சிரித்த சிரிப்பு பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. தண்ணீர் என்றாலே இரண்டு வருடமாக என் இடுப்பைக் கட்டிக்கொள்கிறவன் அவன்.

அங்கேதான் தம்பி சொன்னான், "அக்கா, முந்தாநாள் நாம பார்த்த கடையில ஊத்தினதும் இந்த ஆத்துத் தண்ணிதான்" என்று. நான் என் மகளுக்கு இன்னொன்று சொன்னேன். மாமியாரின் முன்பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதே, அது வெற்றிலை போட்டதால் வந்ததில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், சின்ன வயதில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு இந்தப் பல்தான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் இந்த ஆறு நம் ஊர்க் குழாய்களுக்கு வந்தது. மகள் பாட்டியின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் வாயை மூடிக்கொள்ளவில்லை, நன்றாகத் திறந்து காட்டினார்.

எண்ணெய் மசாஜ் என் வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும். நாங்கள் அதற்குள் மீன் வாங்கிக் கொடுத்து, அங்கேயே அடுப்பு வைத்துச் சமைத்துக் கொடுக்கிற ஒரு அக்காவிடம் குழம்பும் வறுவலும் சொன்னோம். வீட்டில் நாலு பேருக்குப் போடுகிற புளியில் பாதிதான் போட்டார், குழம்பு அப்படி ஒரு ருசி. முதலைப் பண்ணையைப் பிள்ளைகளுக்காகப் பாருங்கள், அரை மணி நேரம் போதும். குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள், பாறை வழுக்கும். நான் பிள்ளைகளை இறக்குவதற்கு முன் முழங்கால் வரை இறங்கி, கையால் தடவித் தடவி அடியைப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். இரண்டு பாட்டில் துண்டு கிடைத்தது, பேப்பரில் சுற்றி எடுத்துவந்து குப்பையில் போட்டேன். ஆற்றங்கரைக்கு பாட்டில் கொண்டுபோகிற யாராவது இதைப் படித்தால் கை எடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், கொண்டுபோகாதீர்கள். அங்கே வெறுங்காலோடு குழந்தைகள் இறங்குகிறார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் கிளம்பும் முன் நீர்வரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்நாடக அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். மே, ஜூன் தொடக்கம் வசதி. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மாங்காய் சீசன் கடைசியில் வரும், அதற்கும் சேர்த்துத் திட்டம் போட்டால் இன்னொரு தடவை வரலாம்.

தம்பி குடும்பம் அன்று சாயங்காலமே பெங்களூர் திரும்பிவிட்டது, இரண்டு கிலோ முளைகட்டின மாவும் ஒரு பெட்டி பங்கனப்பள்ளியும் ஏற்றிவிட்டேன். அடுத்த நாள் காலை பிள்ளைகள் எழுவதற்கு முன் நான் அந்த 65 டிகிரியைச் செய்து பார்த்தேன். வறுத்த மாவில் நொதி இருக்காது என்பதால், காயவைத்து வறுக்காமல் அரைத்த மாவை எடுத்துக்கொண்டேன். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று கைப்பிடி கரைத்து, மகளின் காய்ச்சலுக்கு வாங்கிய தெர்மாமீட்டர் 42 டிகிரிக்கு மேல் காட்டாது என்பதால் விரலை வைத்துப் பார்த்தே, ஒரு நொடிக்கு மேல் தாங்க முடியாத சூட்டில் அடுப்பை அணைத்தேன். பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தேன். திறந்தபோது கஞ்சி தண்ணீர் மாதிரி ஓடியது. அப்புறம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு டம்ளரில் ஊற்றி மாமியாரிடம் கொடுத்தேன், சர்க்கரை போட்டதாகச் சொல்லவும் இல்லை, போடவில்லை என்றும் சொல்லவில்லை.

"எதுக்கு இவ்வளவு வெல்லம்?" என்றார்.